தையல் மெஷினுக்கு எண்ணெய்க் குளியல்

நேற்று மருந்துக் கடையிலிருந்து ஒரு களிம்பு டப்பா வாங்கி வந்தோம். மூடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்ததை என் மகள் படித்தாள். புண்ணின் மேல் ‘ஸ்பேரிங்லி’ பூசவும் என்று போட்டிருந்தது. அவள் பள்ளிக்கூடத்து அகராதியைப் புரட்டிவிட்டு, “சிக்கனமாப் பூசணுமாம்மா” என்றாள். நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முன்னால் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்தேன். அந்த வார்த்தையை அங்கே அடிக்கடி கேட்டிருக்கிறேன். குளிக்கும்போது தொட்டித் தண்ணீரை ஸ்பேரிங்லி மொள்ள வேண்டும். படிக்கும்போது விளக்கை ஸ்பேரிங்லி எரிக்க வேண்டும். தண்ணீரும் மண்ணெண்ணெயும் தீர்ந்துவிடும் என்ற பயம் அதில் இருக்கும். தையல் வகுப்பில் மட்டும் அந்த வார்த்தை வேறு முகத்தோடு வரும். தையல் சொல்லிக்கொடுத்த துரைசானி அம்மாள் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறபோது அதைச் சொல்வார். அலமாரியில் எண்ணெய் டப்பாக்கள் அடுக்கி இருக்கும், தீர்ந்துபோகும் என்ற கவலையே கிடையாது. ஆனாலும் ஸ்பேரிங்லிதான். தீர்ந்துவிடுமே என்று குறைப்பது ஒன்று. கூடினால் கெட்டுவிடுமே என்று குறைப்பது இன்னொன்று. இங்கிலீஷ்காரர்கள் இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். நாம் முதலாவதைச் சிக்கனம் என்போம், செட்டு என்போம். இரண்டாவதை அளவாக, பட்டும் படாமல், தொட்டும் தொடாமல் என்று இடத்துக்குத் தக்கபடி சொல்வோம். எதைச் சொன்னாலும் என் மாமியாரிடம் பலிக்காது என்பதைத்தான் நான் ராஜபாளையத்துக்கு வந்து தெரிந்துகொண்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ராஜபாளையத்து வீட்டில் மாமனார், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார் ஒருத்தி. என் வீட்டுக்காரருக்கு மதுரையில் ரயில்வே வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். மாமனார் பஞ்சு மில்லில் மேஸ்திரி. நாத்தனார் என்னைவிடச் சின்னவள். எனக்குக் கொடுக்க வேண்டிய வாயையும் கடவுள் சேர்த்து அவளுக்கே கொடுத்திருந்தார். நான் அவள் காதில் முணுமுணுப்பேன், அவள் அதை வீடு முழுக்கக் கேட்கும்படி எடுத்துச் சொல்வாள். “மதினி சொல்றாக...” என்று அவள் ஆரம்பித்தால் அது என் பேச்சு என்று எல்லாரும் தெரிந்துகொள்வார்கள்.

துரைசானி அம்மாள் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனபோது தன்னுடைய கை மெஷினை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அது எனக்குச் சீராகக் கூடவே வந்தது. ரயிலில் வழி முழுவதும் அதன் மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியின் ஓரத்தில் சின்ன அறை ஒன்று. அதில் ஊசிகள், நூல் சுற்றும் பாபின்கள், மூக்கு உடைந்த காலி எண்ணெய் டப்பா, இங்கிலீஷில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம்.

அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் கார்டு போட்டிருந்த நாட்கள் அவை. எங்கள் வீட்டில் தாராளமாக இருந்த ஒரே பொருள் நல்லெண்ணெய். சோழபுரத்தில் மாமியாரின் தம்பிக்கு எள் விளையும். செக்கில் ஆட்டி, பானை பானையாக வந்து இறங்கும். சர்க்கரை டப்பாவை ஒளித்து வைக்கிற மாமியார் எண்ணெய்ப் பானைக்கு மூடிகூடப் போட மாட்டார். தோசை எண்ணெயில் நீந்தும். துவையல் எண்ணெய்க்கு அடியில் கிடக்கும். அவர் கிண்ணத்தோடு தெருவுக்கு வந்தால் பிள்ளைகள் சிதறி ஓடும், கையில் அகப்பட்டது உச்சி முதல் உள்ளங்கால் வரை பளபளவென்றுதான் திரும்பும்.

வந்த முதல் வெள்ளிக்கிழமை என்னை முற்றத்தில் மணைபோட்டு உட்கார வைத்தார். எங்கள் தெருவில் ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்பது எங்களைப்போன்ற வேதக்காரர், கிறிஸ்தவர் வீடுகளிலும் மாறாத பழக்கம்.

“ஏட்டி, குனி. உங்க ஊர்ல எண்ணெயக் கண்ணுல காட்டிட்டு அனுப்பிட்டாகளா? உச்சி வறண்டு கெடக்கு” என்று ஊற்றினார். எண்ணெய் புருவம் தாண்டி, மூக்கு நுனியில் நின்று, மடியில் சொட்டியது. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். “சாலு அக்கா, சாலு! புதுப் பொண்ணு வழுக்கி ஓடிடப் போகுது” என்றாள். சாலு என்றால் தெலுங்கில் போதும் என்று அர்த்தம். மாமியாருக்கு அந்த வார்த்தை தெரியும். எண்ணெய் ஊற்றும்போது மட்டும் காதில் விழாது.

என்னை முடித்துவிட்டு அவர் மெஷின் பக்கம் திரும்பினார். “இதுவும் உன்கூட வந்ததுதானே. இதுக்கு வெள்ளியா, சனியா?”

மாமனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “மெஷினெல்லாம் ஆம்பளைதான். எங்க மில்லுல வந்து பாரு.”

“ஆம்பளைன்னா இம்புட்டு வேலை பாக்குமாக்கும்? இது பொம்பளைதான்” என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருந்ததை மெஷினின் தலையில் கவிழ்த்தார். எண்ணெய் துளை கண்ட இடத்திலெல்லாம் இறங்கி, பலகையில் குளமாகத் தேங்கியது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் ஓடியது. “பாத்தியா? குளுந்துபோச்சு!” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மறு வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாத்தனாரிடம் போனேன். அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். “மதினி சொல்றாக, இந்தப் புஸ்தகத்துல மெஷினுக்கு எப்படி எண்ணெய் வைக்கணும்னு போட்டிருக்காம்.”

“எப்படியாம்?” என்றார் மாமியார்.

நான் வாக்கியத்தைப் படித்தேன். அந்த வார்த்தை வந்தது. எனக்கு அப்போது கைக்கு வந்த தமிழ் ஒன்றுதான். “சிக்கனமா” என்றேன்.

மாமியார் முகம் மாறிவிட்டது. “சிக்கனமாவா? உங்க அப்பா சீரா அனுப்பின சாமானுக்கு நான் சிக்கனமா எண்ணெய் வைக்கவா? நாளைக்கு உங்க ஊர்ல என்ன பேசுவாக? ராஜபாளையத்துல பிள்ளையவும் காயப்போட்டாக, மெஷினவும் காயப்போட்டாகன்னு பேச மாட்டாகளா?”

மாமனார் நிதானமாக எனக்கு விளக்கினார். “தாயி, அவிய ஊருக்கு எண்ணெய் கப்பல்ல வரணும். அதனால சிக்கனம்னு போட்டிருக்கான். நமக்குச் சோழபுரத்துலருந்து வருது. மில்லுல எண்ணெய்க்காரன் நீள மூக்கு டப்பாவ வச்சிக்கிட்டு விடிஞ்சதுலருந்து ஊத்திக்கிட்டே இருக்கான். மெஷின்னா எண்ணெய் குடிக்கத்தான் செய்யும்.”

இரண்டு சிக்கனத்தில் அவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டார். புத்தகம் சொன்னது இரண்டாவதை. அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, வார்த்தையும் இல்லை. மெஷின் வெள்ளிக்குவெள்ளி எங்களோடு குளித்தது. நாத்தனார் அதற்குச் சீயக்காயும் போட்டுவிடலாம் என்றாள். நல்ல வேளை, சீயக்காய் அப்போது கிடைக்கவில்லை.

குளித்த மெஷினில் நான் முதலில் தைத்தது ஒரு தலையணை உறை. நடுவில் பூ வரைந்ததுபோல் வட்டமாக எண்ணெய்க் கறை. அடுத்தது மாமனாரின் சட்டை. தோளில் ஒன்று, முதுகில் இரண்டு என்று கறைகள். அவர் அதைப் போட்டுக்கொண்டே மில்லுக்குப் போய்விட்டு வந்தார். “எல்லாரும் என்னை நிறுத்தி நிறுத்திப் பாத்தானுக. மேஸ்திரி முதுகுல இலங்கை இருக்கு, பக்கத்துல இந்தியா எங்கன்னு கேக்கானுக” என்று சொல்லிச் சிரித்தார். மாமியார் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, துணிதான் மட்டமான துணி என்று தீர்ப்புச் சொன்னார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் நாத்தனாருக்குச் சேத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பட்டாளத்தில் இருந்தான். லீவு கிடைத்ததும் கல்யாணம் என்று பேச்சு. எங்களவர்களில் மணப்பெண் வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை போட்டுத்தான் கோயிலுக்குப் போவாள். யுத்தம் வந்த பிறகு எங்கள் சபையில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் முரட்டு வெள்ளைத் துணியில்தான் சட்டை தைத்துப் போட்டார்கள். வேறு கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் மதுரையில் எந்தெந்தக் கடையில் போய் நின்றாரோ, தங்கைக்காக ஒரு துண்டு சாட்டின் துணி வாங்கிக்கொண்டு வந்தார். பால் ஏடுமாதிரி வழுவழுவென்று இருந்தது. நீளக்கைச் சட்டைக்கு மட்டாகக் காணும், ஒரு கை பிசகினால் காணாது. இன்னொரு துண்டு வேண்டுமென்றால் யுத்தம் முடிய வேண்டும்.

நாத்தனார் அந்தத் துணியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிரித்துப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். தன் அம்மாவைக் கிட்டவே விட மாட்டாள். “அங்கனயே நின்னு பாரும்மா, உன் விரல் பட்டா தோசை வார்த்தமாதிரி ஆயிடும்” என்பாள். வாய் அப்படிப் பேசினாலும் அவளுக்கு அந்தச் சட்டை எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அக்காமார் சேலையைக் கிழித்துத் தைத்த பாவாடையும், சித்திமார் போட்டுக் கழித்த ரவிக்கையும்தான் அவளுக்கு. அவளுக்கென்றே முதன்முதலாக வந்த துணி அது. “மதினி, ஒரு பொட்டுக் கறை இருக்கக் கூடாது. நீங்கதான் தைக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பஜாரில் தையல்காரர்களுக்கெல்லாம் பட்டாளத்துச் சட்டை தைக்கவே நேரம் போதவில்லை. ஒருவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அவரிடம் கொடுத்தால் வெட்டுத்துண்டு என்று ஒரு கைக்குட்டை அளவு அவர் வீட்டுக்குப் போய்விடும் என்று இவள் கொடுக்க மறுத்துவிட்டாள்.

சேத்தூரிலிருந்து ஒரு நாள் காலையில் ஆள் வந்தது. பையனுக்கு லீவு கிடைத்துவிட்டது, குறைந்த நாள் லீவுதான், அடுத்த வாரமே கல்யாணத்தை வைத்துவிட வேண்டும் என்று. வீடு அமர்க்களப்பட்டது. நான் மெஷினை எடுத்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். சுற்றவில்லை.

இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன். முனகிக்கொண்டு கால் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. இத்தனை வெள்ளிக்கிழமை எண்ணெயும், துணித் தூசியும், ராஜபாளையத்துப் பஞ்சுத் தூசியும் சேர்ந்து உள்ளே பிசினாக இறுகியிருந்தது. ஊசி பாதி வழியில் நின்றுகொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாட்டின் துணியை மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமியார் செத்த நேரம் மெஷினைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, “இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாப்பமா?” என்றார்.

“அம்மா!” என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. பேச்சு திரும்ப வந்ததே என்று எனக்கு நிம்மதியாகப் போயிற்று.

மாமனார் வந்து பார்த்தார். சக்கரத்தை அசைத்து, காதை வைத்துக் கேட்டு, டாக்டர்போலத் தலையாட்டினார். “மில்லுல இறுகிப்போனா மண்ணெண்ணெய் விட்டுத்தான் கழுவுவோம். பொறவு இளக்கமான எண்ணெய் கொஞ்சம். வேற ஒண்ணும் கெட்டுப்போகல” என்றார். மண்ணெண்ணெய்க்கு எங்கே போக? எங்கள் பாட்டிலில் விளக்குக்கே அடி மண்டிதான் கிடந்தது.

நாத்தனார் எழுந்தாள். காலிப் பாட்டிலையும் என் கையையும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். “கல்யாணப் பொண்ணு வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் கேட்டு வாரா, பாத்துக்கிடுங்க!” என்று அவளே கூவிக்கொண்டு போனாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மண்ணெண்ணெய் அந்த நாளில் பொன் மாதிரி. ஆனாலும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருத்தி ஒரு கரண்டி ஊற்றினாள். ஒருத்தி, “கல்யாணத்துக்கு எனக்கு முன் வரிசையில எலை போடணும்” என்று சொல்லி இரண்டு கரண்டி ஊற்றினாள். ஒரு பெரியம்மா, “மெஷினுக்குத் தலைமுழுக்காட்டின பொம்பள உங்க அம்மாதானே? அவளுக்குக் கோயில்ல சிலை வைக்கணும்ட்டி” என்று சிரித்துச் சிரித்துப் பாதியைக் கீழே சிந்தினாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஒரு சின்னக் குப்பியையே கொடுத்துவிட்டு, “குப்பி மட்டும் திரும்ப வேணும்” என்றாள். இருட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் எல்லாரும் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மாமனார் மில்லிலிருந்து வந்ததும் முற்றத்தில் மெஷினைப் படுக்கப்போட்டுக் கழுவினோம். மண்ணெண்ணெயை விட்டு ஊறவைத்து, குச்சியால் நோண்டி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தோம். உள்ளேயிருந்து கருப்பு அல்வா மாதிரி வந்துகொண்டே இருந்தது. மாமனார் அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வழித்து, “ஏய், இத எடுத்து வை. நாளைக்குத் தாளிக்க ஆகும்” என்று மாமியாரிடம் நீட்டினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொன்று. நாத்தனார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சுற்ற, வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள்.

இளக்கமான எண்ணெய் சைக்கிள் கடையிலிருந்து வந்திருந்தது. ஒரு மைக்கூட்டின் அடியில் அரை விரல்கடை அளவு. அவ்வளவுதான் கிடைத்தது. மாமனார் கையில் எடுத்தார். மாமியார் மறித்தார்.

“நான்தானே பாழாக்கினேன். நானே வைக்கிறேன். இந்தத் தடவை சரியா வைப்பேன்.”

“உன் கைக்கு அது வராது” என்றார் மாமனார்.

“வரும். எம்புட்டுன்னு சொல்லுங்க.”

எம்புட்டு? அதுதான் கேள்வி. புத்தகத்தில் சொட்டுக் கணக்கு இல்லை. ஸ்பேரிங்லி என்று போட்டுவிட்டு மிச்சத்தை நம் கைக்கு விட்டிருந்தார்கள். மாமனார் ஒரு சொட்டு என்றார். நாத்தனார் அரைச் சொட்டு என்றாள். முதலில் தண்ணீரை வைத்துப் பழகட்டும் என்று முடிவாயிற்று. மாமியார் ஒரு கிண்ணியில் தண்ணீரை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லின் மேல் சொட்டுவிடப் பார்த்தார். ஓடையாக ஊற்றியது. மறுபடி பார்த்தார். மறுபடி ஓடை. கல்லெல்லாம் நனைந்து போயிற்று. நாத்தனார் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாமியார் கிண்ணியைக் கீழே வைத்தார்.

“இந்தக் கையி இப்படியே பழகிப்போச்சு. எனக்கே என் மக சட்டைய நினைச்சாப் பயமா இருக்கு. நீங்களே வைங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது.

அப்போது தெலுங்கு அம்மாள் குப்பியை வாங்கிக்கொண்டு போகக் குழந்தையோடு வந்தாள். மாமியார் எழுந்து, அந்தக் குழந்தையைப் பார்த்ததும் எப்போதும் செய்கிறதைச் செய்தார். பக்கத்திலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு விரல் நுனியைத் தொட்டு, கிண்ணத்து விளிம்பில் அந்த விரலை ஒரு தடவை வழித்துவிட்டு, குழந்தையின் உச்சிக்குழியில் வைத்தார். வைத்ததே தெரியவில்லை. ஒரு மினுமினுப்பு, அவ்வளவுதான். குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

“அத்தை! அதுதான்!” என்று யாரோ கத்தினார்கள். கத்தினது நான்தான்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் சத்தத்தை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. மாமனார் மைக்கூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. “இப்ப வச்சீங்களே அத்தை, அம்புட்டுத்தான். அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கிறது அதுதான். சிக்கனம்னு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். எண்ணெய் தீந்துபோகுமேன்னு நீங்க பிள்ளைக்குக் கொறைச்சு வைக்கல. உச்சிக்குழி மெத்துனு இருக்கே, அது தாங்குற அளவுக்கு வைக்கிறீங்க. மெஷினுக்கும் அப்படித்தான்.”

மாமியார் தன் விரலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். “உச்சிக்கு வைக்கிறமாதிரியா?” என்றார். “ஏட்டி, எட்டாவது படிச்சவளே, இத மொத வெள்ளிக்கிழமையே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன! நான் அத மாடு குளுப்பாட்டுறமாதிரியில்ல குளுப்பாட்டினேன்!”

தெலுங்கு அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாமியார் மைக்கூட்டை வாங்கினார். விரல் துளைக்குள் போகாது என்று நாத்தனார் முற்றத்தில் கிடந்த ஒரு கோழி இறகைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். இறகின் நுனியைத் தொட்டு, மைக்கூட்டு விளிம்பில் வழித்து, ஒவ்வொரு துளையிலும், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வருகிறவர்போல வைத்தார் அவர். முடித்த பிறகும் மைக்கூட்டில் எண்ணெய் அப்படியே இருந்தது. “என்னட்டி, ஒண்ணுமே ஆகல?” என்று அவருக்கே ஆச்சரியம்.

பிறகு மாமியாரின் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துத் தைத்துப் பார்த்தேன். முதல் வரிசையில் மங்கலாக ஒரு கோடு. துடைத்துவிட்டு இன்னொரு வரிசை. இன்னொன்று. சேலை முந்தி முழுக்கத் தையல் ஓட்டினேன். கடைசி வரிசைகளைத் தெருவாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லாரும் பார்த்தார்கள். வெறும் நூல்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை சாட்டின் துணியை வெட்டினேன். சக்கரத்தைச் சுற்ற நாத்தனார், துணியை ஓட்ட நான். மாமியார் எதிரே உட்கார்ந்து, எதையாவது தொட்டுவிடுவோம் என்று தன் இரண்டு கைகளையும் முந்தானையால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். மூக்கு அரித்தபோது பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுச் சொறியச் சொன்னார். கை, கழுத்து, முதுகு என்று ஒவ்வொரு தையலாக ஏறி முடிந்தது. நாத்தனார் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பிக் காட்டினாள். எங்கும் ஒரு பொட்டு இல்லை. மாமனார் மில்லிலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டே பார்த்தார். “இலங்கையும் இல்ல, இந்தியாவும் இல்ல. வெறுங் கடல்தான்” என்றார். மகளை அப்படிப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, உடனே சைக்கிள் கடைக்காரனுக்கு மைக்கூட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் மாமியாரை மணப்பெண் பக்கம் யாரும் விடவில்லை. எண்ணெய்ப் பானையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். நாத்தனார் கோயிலுக்குள் நடந்து வந்தபோது பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்புப் பரவியது. யுத்தம் தொடங்கின பிறகு அப்படி ஒரு வெள்ளையை எங்கள் சபை பார்க்கவில்லை. நான் வழக்கம்போல் தூணோரமாக நின்றேன். மாமியார் என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை பட்டாள உடுப்பில் வந்து நின்றான். நல்ல உயரம். அவன் தலை மட்டும் என்னவோ சன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிமாதிரி மின்னியது. போதகர் ஜெபம் முடித்துத் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் தங்கை முக்காட்டைத் தூக்கிப் பிடித்தாள். அவன் முடிச்சுப் போடக் குனிந்தான். நெற்றிமயிரின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் திரண்டது. தொங்கியது. ஆடியது. நாத்தனாரின் தோளில் விழுந்து, சாட்டினில் மெள்ள மெள்ள ஒரு ரூபாய் அளவுக்கு விரிந்தது.

நாத்தனார் தலையைச் சாய்த்துத் தன் தோளைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. முக்காட்டுக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்து, போதகரின் ஆசீர்வாதத்துக்கு ஆமென் என்று சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. பெண்ணுக்கு வெட்கம் என்று சேத்தூர்க்காரர்கள் மெச்சினார்கள்.

கோயிலுக்கு வெளியே மாப்பிள்ளையின் அம்மா பவுடர் டப்பாவோடு ஓடி வந்தார். கறையின் மேல் பவுடரைத் தட்டிக்கொண்டே, “மன்னிச்சிக்கிடுங்க சம்பந்தி. பிள்ளை ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கான், பட்டாளத்துல தலையெல்லாம் காஞ்சுபோயிருந்திச்சு. ஒரு சொட்டுத்தான் வச்சேன்” என்றார். அவர் மகனின் காலரிலிருந்து முதுகுப் பாதிவரை உடுப்பு நிறம் மாறியிருந்தது.

மாமியார் அந்த முதுகைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் கறை விழுந்தது யார் மகள் சட்டையில் என்றே மறந்துபோனதுபோல இருந்தது. சம்பந்தியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நாத்தனார் என் காதில், “மதினி, அந்த இங்கிலீஷ் வார்த்தைய எங்க அத்தைக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க” என்றாள். அன்றைக்கு இருந்த தைரியத்தில் நானும் வாயைத் திறந்தேன்.

மாமியார் என் முழங்கையில் இடித்தார். “சும்மா இருட்டி” என்றார் மெதுவாக. “என் மகளுக்கு அவிய ஊத்தட்டும்.”